மட்டக்களப்பில ஒட்டுண்ணி நோய் ஆராய்ச்சிப் பயிற்சி: காசு கட்டிப் போகலாமா?

இன்பொக்ஸில கன பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீங்க, அந்த ஒட்டுண்ணி நோய் கோர்ஸ் எப்பிடி, காசு கட்டிப் போகலாமா, போனா வேலை கிடைக்குமா எண்டு. ஒவ்வொருத்தருக்கா எழுதிக் களைச்சுப் போய்ட்டன், அதான் ஒரேயடியா இங்க போடுறன். மைக்ரோஸ்கோப்பும் நுளம்பும் பழக ஆசையிருந்தா யோசிக்காமப் போங்க, சேர்ட்டிபிகேட் ஒண்டு வேணும் எண்டுதான் போறீங்க எண்டா அந்தக் காச வேற எதுக்காவது வச்சிக்கொள்ளுங்க. முழுசா 5க்கு 3.5 குடுப்பன். முதல் கிழமைக்கு மட்டும் மார்க்ஸ் போடச் சொன்னா 5க்கு 5, அதில பேரம் இல்ல.

நடத்துறவங்கட பேர் போட மாட்டன். குறையும் சொல்லப் போறன், மட்டக்களப்பு எவ்வளவு பெரிய ஊர் எண்டு உங்களுக்கே தெரியும், காலையில கல்லடிப் பாலத்தில ஒருத்தரப் பற்றிக் கதைச்சா பகல் சாப்பாட்டுக்கு முதல் அது அவர்ர காதில இருக்கும். விண்ணப்பம் போட யோசிக்கிற ஆக்களுக்கு எந்தக் கோர்ஸ் எண்டு தானா விளங்கும்.

ரெண்டு கிழமைப் பயிற்சி இது. விலங்கியல் முடிச்சவங்க, எம்.எல்.டி (ஆஸ்பத்திரி லேப் வேலை) பிள்ளைகள், கம்பஸில டெமோவா (செய்முறை உதவியாளரா) நிக்கிறவங்க, எம்.பில் தொடங்கி நடுவழியில தவிக்கிறவங்க, ரெண்டொரு இளம் டொக்டர்மார், இப்பிடியான ஆக்களச் சேர்த்து வெப்பமண்டல ஒட்டுண்ணி நோய்கள்ல ஆராய்ச்சி செய்யப் பழக்குறது. எங்கட பெட்ச்சில சம்மாந்துறை, அக்கரைப்பற்று, வாழைச்சேனை, அம்பாறை டவுன், பொலன்னறுவை எண்டு எல்லாப் பக்கத்திலயும் இருந்து வந்தாங்க. மூண்டு பாஷையும் ஓடிச்சு, லெக்சர் மட்டும் முழுக்க இங்கிலிஷ், அதப் பிறகு சொல்றன்.

நான் விண்ணப்பம் போட்ட உடன வீட்டில அப்பா கேட்ட முதல் கேள்வியே "மலேரியாதான் இல்லையே மகள், இல்லாத வருத்தத்த என்னத்துக்குப் படிக்கிற?" எண்டதுதான். கேள்வி நியாயமானது. இலங்கையில உள்ளூர்லயே தொத்தின கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபர்ல, அதுக்குப் பிறகு 2016 செப்டெம்பர்ல உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு எண்டு சான்றிதழும் தந்துட்டு. யானைக்கால் நோயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினையா இல்ல எண்டு அதே 2016ல தான் ஏத்துக்கொண்டாங்க. பேப்பர்ல பார்த்தா எல்லாம் முடிஞ்ச கதை. ஆனா முதல் நாள் முதல் லெக்சரே அப்பாட கேள்விக்குப் பதில் மாதிரி இருந்திச்சு. 1963ல முழு நாட்டுக்கும் வெறும் 17 மலேரியா நோயாளிதான், அதிலயும் அரைவாசிக்கு மேல வெளியில இருந்து கொண்டு வந்தது. சரி முடிஞ்சுது எண்டு மருந்தடிக்கிறதயும் காய்ச்சல்காரர்ர ரத்தம் பார்க்கிறதயும் தளர்த்தினாங்க, 1968, 69ல லட்சக்கணக்கில திரும்பி வந்திச்சு. சும்மா பயம் காட்டல, 2018 கடைசியிலயும் மொனராகலைப் பக்கம் வெளிநாட்டில இருந்து வந்த ஒரு தொழிலாளிட ரத்தத்தில இருந்த வைவாக்ஸ் எண்ட மலேரியா ஒட்டுண்ணி, இங்க இருக்கிற நுளம்பு வழியா ஊராள் ஒருத்தருக்குத் தொத்தியிருக்கு. நல்ல காலம் கண்டுபிடிச்சு அதோட மறிச்சிட்டாங்க.

கண்டுபிடிக்கிறதுக்கு ஆள் வேணுமே, அதுதான் இந்தக் கோர்ஸ்ட முழுக் கதையும். அப்பாட வயசு ஆக்களுக்கு மலேரியா எண்டா தண்ணி பட்ட பாடு, படுவான்கரைப் பக்கம் வயல் காவலுக்குப் போய்ட்டு குளிர் காய்ச்சலோட வந்து குளோரோகுயின் கசப்ப விழுங்கினவங்க. எங்கட வயசு எம்.எல்.டி ஒருத்தர் வருசக்கணக்கா வேலை செஞ்சும் ஒரு பொசிட்டிவ் ஸ்லைட்டக் கூட டியூட்டியில காணாமலே இருப்பார். கண்ணே காணாத ஒண்ட எப்பிடிப் பிடிக்கிற?

இனி முதல் கிழமைக்கு வாறன், இதப் பற்றி எழுதத்தான் உண்மையில இருந்தனான்.

ஸ்லைட் பழக்கினது ஒரு ரிட்டயர்ட் மைக்ரோஸ்கோப்பிஸ்ட் ஐயா. ப்ரொஃபெசர் இல்ல, பிஎச்டி இல்ல, டைம்டேபிள்ல அவர்ர பேர் "ரிசோர்ஸ் பேர்சன்" எண்டு சின்ன எழுத்தில கடைசி வரியில இருந்திச்சு. கையோட ஒரு மரப்பெட்டி கொண்டு வந்தார், உள்ள வரிசை வரிசையா ஸ்லைட், ஓரத்தில பென்சிலால எழுதின நம்பர், சிலதில சாயம் மங்கி ஊதா நிறம் தேத்தண்ணி நிறமா மாறியிருக்கு. ஒவ்வொரு ஸ்லைட்டையும் ரெண்டு விரலால ஓரத்தில மட்டும் பிடிச்சு, லைட்டுக்குக் காட்டிப் பார்த்து, மறுகாத்தான் எங்கட கையில தருவார். தரும்போது "மகள், இது திரும்பக் கிடைக்காது" எண்டு மட்டும் சொல்லுவார். உண்மைதான், நாட்டில நோயே இல்லாட்டி புதுசா பொசிட்டிவ் ஸ்லைட்டுக்கு எங்க போற?

முதல் எங்கட சொந்த ரத்தத்திலயே ஃபில்ம் இழுக்கப் பழக்கினார். ஒரே ஸ்லைட்டில தடிச்ச பூச்சு ஒண்டு, மெல்லிசு ஒண்டு. மெல்லிச மெத்தனோல்ல ஒருக்காக் காட்டி எடுக்கணும், தடிச்சதில மெத்தனோல் ஒரு சொட்டும் படப்படாது, பட்டா சிவப்பணு உடையாம அப்பிடியே ஒட்டிக்கொண்டு நிக்கும், மறுகா உள்ள என்ன இருக்கெண்டு பார்க்கவே ஏலாது. ஜீம்சா சாயம் கரைக்கிற தண்ணிட பி.எச் 7.2 இருக்கணும். குழாய்த் தண்ணியில கரைச்சா என்ன ஆகும் எண்டு ஒருத்தன் கேட்டான், ஐயா பதில் சொல்லாம ரெண்டு விதமாவும் செஞ்சு பக்கத்தில பக்கத்தில வச்சார். குழாய்த் தண்ணி ஸ்லைட்டில வெள்ளையணுட கரு ஒரு நிறம், இதில வேற நிறம், ஒட்டுண்ணிட சிவப்புப் புள்ளி தெரியாமலே போகும் எண்டு அப்பத்தான் விளங்கிச்சு. புத்தகத்தில "பி.எச் 7.2" எண்டு வாசிச்சுட்டு எக்ஸாம் எழுதி பாஸ் பண்ணின நாங்க எல்லாரும் வாயப் பிளந்துகொண்டு நிண்டம்.

மறுகா பார்க்கிறது. எண்ணெய்ச் சொட்டு விட்டு 100 லென்ஸ், நூறு ஃபீல்ட் (லென்ஸுக்குள்ள ஒரு தரம் தெரியுற வட்டம்) பார்க்காம நெகட்டிவ் எண்டு எழுதப்படாது. நூறு ஃபீல்ட் எண்டா சொல்ல லேசு, கழுத்து விறைச்சு கண் தண்ணி வடிஞ்சிரும். சாயத் துகள் எல்லாம் ஒட்டுண்ணி மாதிரியே இருக்கும், சிவப்பணுக்கு மேல குந்தியிருக்கிற பிளேட்லெட் அச்சா மோதிர வடிவம் மாதிரித் தெரியும். எங்கட மேசைப் பெடியன் ஒருத்தன் "ஐயா கிடைச்சிட்டு" எண்டு துள்ளினான், ஐயா குனிஞ்சு பார்த்திட்டு "தம்பி, ஃபோகஸ மேல கீழ ஆட்டுங்க, மினுங்குதா? மினுங்கினா அது சாயம்" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த மேசைக்குப் போய்ட்டார். ஒரு லெக்சரரும் எனக்கு இத நாலு வருசமா சொல்லித் தரல.

வைவாக்ஸ் எண்டா சிவப்பணு ஊதிப் பெருத்து, உள்ளுக்க ஷுஃப்னர் புள்ளிகள் தூவின மாதிரி, ஒட்டுண்ணி ஒழுங்கில்லாத வடிவம். இன்னொரு மலேரியா ஒட்டுண்ணி ஃபல்சிபரம் எண்டா ஒரே அணுவுக்குள்ள ரெண்டு மூண்டு மெல்லிய மோதிரம், மறுகா அந்த வாழைப்பழ வடிவக் கமீட்டோசைட் (நுளம்புக்குள்ள போற பருவம்). அந்த வாழைப்பழத்த முதல்முதலா நேர்ல காணக்குள்ள, சும்மா சொல்லல, எனக்கு மயிர் சிலிர்த்திச்சு. எண்ணுற முறையும் பழகினம், 200 வெள்ளையணு எண்ணுறதுக்குள்ள எத்தினை ஒட்டுண்ணி கிடைச்சுதோ அத 40ஆல பெருக்கினா ஒரு மைக்ரோலீட்டருக்குக் கணக்கு வரும், வெள்ளையணு 8000 எண்டு வச்சுக்கொண்டு போடுற கணக்கு அது. கடைசியில பேர் மறைச்ச ஸ்லைட் வச்சு டெஸ்ட். அதில பாதிப் பேர் விழுந்தது பொசிட்டிவ்ல இல்ல, நெகட்டிவ்ல. ஒண்டுமே இல்லாத ஸ்லைட்டில வைவாக்ஸ் கண்டாங்க. டொக்டர்மாரும் சேர்த்திதான், அதுக்கு மேல நான் ஒண்டும் சொல்லல.

யானைக்கால் பகுதி சின்னது. அந்த நோயத் தாற புழுட குஞ்சுகள் ராவில தான் ரத்தத்தில சுத்தும், அதனால ராப் பத்து மணிக்குப் பிறகு போய் 60 மைக்ரோலீட்டர் ரத்தம் எடுக்கணும், எங்கட கிழக்கில அது பரவுற இடம் இல்ல, மேல், தென், வடமேல் மாகாணங்கள்ல தான், அதனால வெளியில இருந்து வந்த ஸ்லைட்தான் பார்த்தம். வால் நுனி வரைக்கும் கரு இல்லாட்டி வுச்செரேரியா எண்ட புழு, நுனியில ரெண்டு கரு தனியா நிண்டா புரூகியா மலாயி எண்ட மற்றப் புழு. அவ்வளவுதான், ஒரு பின்னேரத்தில முடிஞ்சிட்டு.

ஃபீல்ட் டேய்ஸ் பற்றிச் சொல்லாட்டி ஐயா பகுதி மட்டும்தான் நல்லம் எண்டு நினைப்பீங்க. மாரி முடிஞ்ச கையோட, வயலில தண்ணி வடிஞ்சு ஆத்துமணல் வெளியில தெரியத் தொடங்கின நேரம், உன்னிச்சைப் பக்கம் கூட்டிப் போனாங்க. பின்னேரம் ஒரு மாட்டுக்காரர்ர பட்டியில வெள்ளை வலைக் கூடாரம் ஒண்டு கட்டி உள்ள ஒரு பசு மாட்டக் கட்டினம், வலைட அடி ஓரம் கொஞ்சம் தூக்கி விட்டிருக்கும், நுளம்பு மாட்டு மணத்துக்கு உள்ள போகும், குடிச்சிட்டு வெளிய போகத் தெரியாம வலையில ஒட்டிக்கொண்டு இருக்கும். வெள்ளாப்பில போய் டோர்ச் அடிச்சு உறிஞ்சுற குழாயால ஒவ்வொண்டா எடுத்து, வலை மூடின பேப்பர் கப்பில ஊதணும். குழாய்க்குள்ள சின்ன வலைத்துண்டு இருக்கு, அதனால வாய்க்குள்ள வராது எண்டு சொன்னாங்க, ஆனாலும் முதல் தரம் உறிஞ்சக்குள்ள எல்லாரும் கண்ண இறுக்கி மூடிக்கொண்டுதான் உறிஞ்சினம். மாட்டுக்காரர் ஒரு ஓரமாக் குந்தியிருந்து பார்த்திட்டு "நுளம்பு பிடிக்கவா புள்ளைகளக் கம்பஸ் அனுப்பிப் படிப்பிச்ச?" எண்டு கேட்டார், ஒருத்தராலயும் மறுத்துக் கதைக்க ஏலாமப் போச்சு.

பிடிச்சத லேபுக்குக் கொண்டு வந்து செட்டைட புள்ளி, வாய்ப்பக்க உணர்கொம்பில இருக்கிற வளையம் பார்த்து இனம் பிரிக்கணும். கிடைச்சதில கனக்க சப்பிக்டஸ் எண்ட அனோபிலிஸ் நுளம்பும் வயல் கியூலெக்ஸ் நுளம்பும்தான். இலங்கையில மலேரியாவ முக்கியமாப் பரப்பின அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொஞ்சம்தான் கிடைச்சுது. அதுவும் ஒரு இனம் இல்லயாம், ஒரே தோற்றத்தில B, E எண்டு ரெண்டு இனம் இங்க இருக்கு, நோயப் பரப்புறது E, மற்றது பெரும்பாலும் மாட்டோட நிக்கும், கண்ணால ரெண்டையும் பிரிக்க ஏலாது. அடுத்து ஆத்துக்குள்ள மணல் பள்ளத்தில தேங்கின தண்ணியில டிப்பரால அள்ளினம், வெள்ளை அகப்பை மாதிரி ஒரு சாமான் அது. அனோபிலிஸ் குடம்பி தண்ணிட மேற்பரப்போட சமாந்தரமாப் படுத்திருக்கும், கியூலெக்ஸ் தலைகீழாத் தொங்கும், ஒருக்காக் கண்டா போதும் பிறகு மறக்காது.

அந்த மணல் பள்ளத்துப் பக்கத்தில நிண்டே பூச்சியியல் மெடம் 1934, 35 கொள்ளைநோயப் பற்றிச் சொன்னா. மழை பொய்ச்சு ஆறுகள் ஓடுறத நிப்பாட்டி இதே மாதிரிக் குட்டை குட்டையாப் போய், குலிசிஃபேசிஸ் பெருகி, அதிகம் மலேரியா காணாத ஈரவலயப் பக்கத்துச் சனம் கிட்டத்தட்ட 80,000 பேர் செத்திருக்காங்க. ஹோல்ல இருந்து பவர்பொயின்டில இதப் பார்த்திருந்தா மற்ற நம்பரோட நம்பரா மறந்திருப்பன். இன்னொண்டும் சொன்னா, நாங்க சான்றிதழ் வாங்கின அதே 2016 முடியுற நேரம் மன்னாரில அனோபிலிஸ் ஸ்டீபென்சி பிடிபட்டிருக்கு, அது ஆறு குளம் தேடாது, டவுனுக்குள்ள கிணத்திலயும் தண்ணித் தாங்கியிலயும் குடித்தனம் நடத்துற சாதி. மறுகா யாழ்ப்பாணத்திலயும் கண்டிருக்காங்க. அண்டைக்குப் பின்னேரம் வீட்ட போய் முதல் வேலையா மேல ஏறி டாங்கிட மூடியப் பார்த்தன்.

பெண்பிள்ளைகளுக்கு ஒண்டு சொல்லணும். ஃபீல்டுக்கு வேன் வெளிக்கிடுறது விடியாமல், திரும்ப வாறது எப்ப எண்டு சரியாச் சொல்ல மாட்டாங்க, அங்க டொய்லட் வசதி எண்டு ஒண்டு இல்ல, ஒரு வீட்டுக்கார அக்காட புண்ணியத்தில சமாளிச்சம். நடத்துறவங்க இத முதலே யோசிச்சிருக்கணும். பூட்ஸ் கொண்டு வாங்க, முழுக்கைச் சட்டை கொண்டு வாங்க எண்டு ரெண்டு பக்கத்துக்கு லிஸ்ட் அனுப்பத் தெரிஞ்சவங்களுக்கு இது தெரியாமப் போச்சா? அம்மாமார் ஃபோன் எடுத்துக்கொண்டே இருப்பாங்க, சிக்னல் இல்லாத இடத்தில நிண்டா இன்னும் மோசம், முதலே சொல்லி வையுங்க.

தோல்ல புண் போடுற லெஷ்மேனியா ஒட்டுண்ணிப் பகுதி எனக்குப் பிடிச்ச லெக்சர். எடுத்தது ஒரு தோல் டொக்டர், ஃபோட்டோ காட்டிக்கொண்டே போனார். முகத்தில, கையில ஒரு சின்னப் பரு, மெல்ல மெல்லப் பெருத்து நடுவில புண்ணாகும், நோகாது, கடிக்காது, அதனால வயல்காரரும் காட்டில டியூட்டி பார்க்கிற ஆமிக்காரரும் மாசக்கணக்கா விட்டுடுவாங்களாம். பரப்புறது மணல் ஈ, நுளம்பவிடச் சின்னது, சாதாரண நுளம்பு வலைட கண்ணுக்குள்ளால பூந்து வரக்கூடியது. இலங்கையில உள்ளூர்ல தொத்தின முதல் தோல் நோயாளி 1992ல, அறிவிக்க வேண்டிய நோய் ஆக்கினது 2008ல. இதில விசேஷம் என்னெண்டா, இங்க தோல்ல புண் போடுற அதே லெஷ்மேனியா டொனோவானிதான் இந்தியாவில மண்ணீரலயும் ஈரலயும் தாக்கி ஆளையே கொல்லுற காலா அசார் நோயத் தாறது. அந்தப் பேருக்குரிய டொனோவன் எண்டவர் 1903ல அதக் கண்டது மெட்ராஸ் ஆஸ்பத்திரியில. ஒரே ஒட்டுண்ணி, பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் ஆள் கொல்லி, இந்தப் பக்கம் பெரும்பாலும் தோல்ப் புண். ஏன் எண்டு முழுசா ஒருத்தரும் இன்னும் சொல்லல, பரம்பரை அலகில என்ன மாற்றம், ஆக்கள்ட எதிர்ப்புச் சக்தியில என்ன, ஈயில என்ன எண்டு ஆளாளுக்குத் தோண்டுறாங்க. பக்கத்தில இருந்த பொலன்னறுவைப் பிள்ளை நோட்ஸ் எழுதுறத நிப்பாட்டிட்டு அப்பிடியே பார்த்துக்கொண்டு இருந்தா, அவட ஊர்ல இந்தப் புண் இருக்கிற ஆக்கள் அவவுக்கே தெரியுமாம்.

மலம் சோதிக்கிற நாள் பற்றிப் பெரிசா எழுத மாட்டன், நீங்க சாப்பிட்டுக்கொண்டு வாசிப்பீங்க. காட்டோ காட்ஸ் முறை, ஓட்டை போட்ட ஒரு சின்னத் தட்டு 41.7 மில்லிகிராம் பிடிக்கும், அதில எண்ணின முட்டைய 24ஆல பெருக்கினா ஒரு கிராமுக்கு. கொக்கிப்புழு முட்டை கிளிசரின்ல கரைஞ்ச மாதிரிக் காணாமப் போயிரும், அரை மணித்தியாலம், கூடினா ஒரு மணித்தியாலத்துக்குள்ள பார்த்து முடிக்கணும், டீ பிரேக் எண்டு போனா முட்டை இல்ல. டீயும் அண்டைக்கு ஒருத்தரும் பெரிசாக் கேட்கல.

இங்க இருந்துதான் ரெண்டாம் கிழமை, இங்கதான் எனக்குக் கோபம். எங்கட குழுவுக்கு ஆராய்ச்சி முன்மொழிவு எழுதச் சொன்னாங்க. நாங்க எடுத்தது கரையோர மீனவக் கிராமங்கள்ல நாயும் பிள்ளைகளும் கொக்கிப்புழுவும். அன்சிலோஸ்டோமா செய்லானிக்கம் எண்டு ஒரு கொக்கிப்புழு இருக்கு, பேரிலயே சிலோன், 1911ல லூஸ் எண்டவர் இலங்கை மரநாயில இருந்து எடுத்ததில தான் அத விவரிச்சார். நாயில இருக்கிற அது மனிசனுக்கும் வரும், குடல்லயே குடியிருக்கும். எங்கட கடற்கரையில நாய்க்குக் குறைவில்ல, வெறுங்காலோட மணல்ல விளையாடுற பிள்ளைகளுக்கும் குறைவில்ல. மைக்ரோஸ்கோப்பில எல்லாக் கொக்கிப்புழு முட்டையும் ஒரே மாதிரித்தான், மனிசனுக்குரியதா நாயில இருந்து வந்ததா எண்டு பிரிக்க பி.சி.ஆர் (மரபணுவப் பெருக்கிப் பார்க்கிற சோதனை) வேணும். சரி, பி.சி.ஆர் நாள் வருது எண்டு ஆவலோட இருந்தம்.

பி.சி.ஆர் நாள் வந்திச்சு, மெஷினக் கண்ணாடிக் கதவுக்கு வெளியில நிண்டு பார்த்தம். முதலே ஓட்டி வச்ச ஜெல் ஃபோட்டோ (சோதனை முடிவு கோடு கோடாத் தெரியுற படம்) ஒண்ட ப்ரொஜெக்டர்ல காட்டி "இந்தா பேண்ட் தெரியுது" எண்டாங்க. ஒருத்தர்ட கையிலயும் பிபெட் (சொட்டு அளந்து எடுக்கிற குழாய்) தரல. கெமிக்கல் விலை இப்ப தெரியும், டொலர் ஏறினதுக்குப் பிறகு ஒரு கிட் வாங்குறது லேசில்ல, அதுக்காக வெறும் தண்ணியும் கலரும் தந்தாவது பிபெட் பிடிக்கப் பழக்கியிருக்கலாமே? ரெண்டு மைக்ரோலீட்டர சரியா எடுக்கிறது எல்லாம் கைப்பழக்கம், லெக்சர்ல வராது. ஐயா தன்ர திரும்பக் கிடைக்காத ஸ்லைட்ட எங்கட கையில தந்தார், இவங்க ஒரு பிபெட்டத் தரப் பயந்தாங்க, அந்த வித்தியாசம் எனக்கு இன்னும் ஆறல.

புள்ளிவிபரம் ஒரே நாள்ல. சொஃப்ட்வெயார இன்ஸ்டோல் பண்ணுறதிலயே அரைவாசி நேரம் போச்சு, வைஃபை இழுத்துக்கொண்டு நிண்டிச்சு, மிச்ச நேரத்தில சேர் கொடகொடண்டு கோட் அடிச்சுக்கொண்டு போனார், பின்னால இருந்தவங்க ஃபோன் பார்த்துக்கொண்டு இருந்தாங்க. லெக்சர் முழுக்க இங்கிலிஷ் எண்டதும் இங்கதான் கூட உறைச்சுது. ஐயா மூண்டு பாஷையிலயும் மாறி மாறிச் சொல்லுவார், ஒருத்தரும் பின்னுக்கு நிக்கல, இந்தப் பக்கம் வந்தா அதே பிள்ளைகள் கேள்வி கேட்கவே வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தாங்க.

எதிக்ஸ் வகுப்பு மட்டும் ரெண்டாம் கிழமையில உருப்படி. சின்னப் பிள்ளைகள்ட மாதிரி எடுக்கிறதெண்டா தாய் தகப்பன்ட சம்மதம், அதுக்கு முதல் எதிக்ஸ் கமிட்டி அனுமதி, பூச்சி இருக்கெண்டு தெரிஞ்சா மருந்து குடுக்கிறது யார்ர பொறுப்பு, இதெல்லாம் எங்கட முன்மொழிவ வச்சே கேட்டுக் கேட்டுக் கிழிச்சாங்க. "முட்டை எண்ணிட்டு பேப்பர் எழுதிட்டுப் போயிருவீங்க, அந்தப் பிள்ளைக்கு மாத்திரை?" எண்டு கேட்ட மெடத்துக்கு எங்களிட்ட பதில் இருக்கல, மறுகா எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஓஃபிஸோட சேர்ந்து மருந்து குடுக்கிற ஒழுங்கையும் எழுதிச் சேர்த்தம். வகுப்பு எண்டா அப்பிடி இருக்கணும்.

அறிமுகத்தில ஒரு சேர் அமெரிக்காவில வூட்ஸ் ஹோல்ல 1980ல தொடங்கின ஒட்டுண்ணியியல் கோடைகாலக் கோர்ஸ் பற்றிப் பெருமையாச் சொன்னார், இளம் விஞ்ஞானிகளக் கிழமைக்கணக்கா லேபிலயே வச்சு, பெரிய பெரிய ஆக்கள் பக்கத்தில நிண்டு சோதனை செய்யப் பழக்குறது, அதே மாதிரி இங்கயும் செய்யத்தான் ஆசையாம். ஆசை நல்லம் சேர். ஆனா அங்க முக்கியமே கையால செய்றதுதானே, நீங்க பி.சி.ஆர் மெஷினக் கண்ணாடிக்கு வெளியில நிண்டு காட்டிப்போட்டு வூட்ஸ் ஹோல் எண்டா எப்பிடி? பணம் இல்ல எண்டா அது விளங்குது. எங்களிட்ட இல்லாதது மெஷின், இருக்கிறது நோயாளி, நாய், நுளம்பு, ஆறு, ஐயா. இருக்கிறத வச்சு கோர்ஸ் கட்டின முதல் கிழமை தூக்கிச்சு, இல்லாதத இருக்கிற மாதிரிக் காட்டின ரெண்டாம் கிழமை விழுந்திச்சு.

கோர்ஸ் முடிஞ்ச பிறகு ஒண்டும் இல்ல, இது அடுத்த குறை. முன்மொழிவுகள வாங்கி வச்சாங்க, "கொமென்ட்ஸ் அனுப்புறம்" எண்டாங்க, இன்னும் வரல. ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு, அதில குட் மோர்னிங் படம்தான் ஓடுது. யாரோ ஒரு சூப்பர்வைசர மாட்டி விட்டு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா என்ன நடக்குது எண்டு கேட்டாலே பாதிப் பிள்ளைகள் ஆராய்ச்சிக்குள்ள நிப்பாங்க. இப்ப பாருங்க, எங்கட பெட்ச்சில ரெண்டு பேர் பேங்க் வேலைக்குப் போய்ட்டாங்க, ஒருத்தி கட்டாருக்கு. குற்றம் சொல்லல, வீட்டில அடுப்பு எரியணுமே.

சாப்பாடு நல்லம். பகல் சோத்துப் பார்சல், பெரும்பாலும் மீன் கறி, ஒரு நாள் இறால் வந்திச்சு, மரக்கறிக்காரருக்குத் தனியா இருந்திச்சு, ஹலால் பற்றியும் முதலே கேட்டாங்க. தங்குற இடம் வெளியூர் ஆக்களுக்கு மட்டும், ஃபேன் சத்தம் போடுதாம், மற்றபடி முறைப்பாடு கேட்கல. கட்டணம் ஒரு டெமோட சம்பளத்தில நல்ல ஒரு துண்டு, தவணை முறை இல்ல, கேட்டா குறைப்பாங்க எண்டு பிறகுதான் தெரிய வந்திச்சு, ஆகவே கேளுங்க, வெட்கப்படாதீங்க.

யார் போகலாம் எண்டா, எம்.எல்.டி ஆக்கள் கட்டாயம் போங்க, முதல் கிழமை ஒண்டே காணும். விலங்கியல் முடிச்சு நுளம்பு, மணல் ஈ பக்கம் எம்.எஸ்சி யோசிக்கிறவங்களும் போங்க, ஃபீல்ட் பிடிக்குமா இல்லையா எண்டு ரெண்டு விடியக்காலையில தெரிஞ்சிரும். மொலிக்கியூலர் வேலைதான் வேணும் எண்டா இது உங்களுக்கு இல்ல, பேராதனை, கொழும்புப் பக்கம் யாராவது லேபில ஒரு மாசம் சும்மா நிக்கக் கேட்டுப் பாருங்க. ஆராய்ச்சி முறை மட்டும் பழக நினைக்கிறவங்க டி.டி.ஆர் ஓன்லைன்ல நடத்துற இலவசக் கோர்ஸப் பார்த்திட்டு வாங்க, 1975ல இருந்து இந்த நோய்களுக்கெண்டே இயங்குற உலக சுகாதார நிறுவனத்தின்ர திட்டம் அது, ரெண்டாம் கிழமை லெக்சர விட அதில கூட விளங்கும்.

போறவங்க டோர்ச்சும் கழுத்து வலிக்கு சித்தாலேப்பயும் எடுத்துக்கொண்டு போங்க. மைக்ரோஸ்கோப் ரெண்டு பேருக்கு ஒண்டுதான், ஜன்னல் பக்க மேசையில இருக்கிறதுட லென்ஸ்தான் நல்லம், முதல் நாளே போய்ப் பிடிங்க.

நடத்துறவங்க யாராவது இத வாசிச்சா ஒண்டே ஒண்டு கேட்கிறன். ஐயாட பெட்டியில இருக்கிற ஸ்லைட் ஒவ்வொண்டையும் அடுத்த பெட்ச்சுக்கு முதல் ஃபோட்டோ எடுத்து, அவர்ர விளக்கத்தையும் அவர்ர குரல்லயே பதிஞ்சு வையுங்க. கெமராப் பூட்டின மைக்ரோஸ்கோப் உங்கட லேபில ஒண்டு இருக்கு, உறை போட்டு மூலையில வச்சிருக்கிறீங்க, பார்த்தனான். அவருக்கு சாப்பாட்டு மேசையில குடுக்கிற மரியாதைய டைம்டேபிள்லயும் குடுங்க, பேர முதல் வரியில போடுங்க.